"அங்கே" என்றால் எங்கே?

(எல்லப் பகுதித் தோட்டமொன்றின் சிறுவர் நிலையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கிற நாள், விறகுக்குப் போகிற நாள், பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள். அந்த வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

சில வருசத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலத்து இராத்திரி, நமக்குத் தெரிந்த ஒரு லயத்தில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. புருசன் கொழும்பில் வேலை. வீட்டில் இருந்தது வயதான அம்மாயியும், நாலாம் ஆண்டு படிக்கிற ஒரு பையனும். பக்கத்துக் காம்பராவில் போன் வாங்கி, பையன்தான் ஆட்டோக்காரருக்குப் பேசினான். "அக்காவுக்கு வலி வந்திருச்சு, சீக்கிரம் வாங்க அண்ணே." "எங்கடா வரணும்?" "கோயில்கிட்ட." "எந்தக் கோயில்?" "அதான் அண்ணே, அங்க இருக்கே, அந்தக் கோயில்."

நம் தோட்டத்தில் மூன்று கோயில் இருக்கிறது. ஆட்டோக்காரர் கீழ் டிவிஷன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார். இவர்கள் மேல் டிவிஷன் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றார்கள். முக்கால் மணி நேரம் போய்விட்டது. குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே ஆட்டோவுக்குள்ளேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த அளவில் நிம்மதி.

மறுநாள் நான் போனபோது அந்தப் பையன் அம்மாயியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தான். "நான் சொன்னேனே, அங்கேன்னு சொன்னேனே" என்றான். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "ஆமாங்க ஐயா, போன்ல பேசிக்கிட்டே கையை நீட்டி நீட்டிக் காட்டினான்." பாருங்கள், போனுக்குள்ளே கை தெரியுமா? அவன் மேல் தப்பு இல்லை. "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், பீலிக்கு மேலே, இரண்டாவது லயம்" என்று சொல்ல அவனுக்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை. நானும் பழக்கவில்லை, நீங்களும் பழக்கவில்லை.

இன்று நான் பேச வந்தது அந்தச் சின்னச் சொற்களைப் பற்றித்தான். மேலே, கீழே, உள்ளே, பின்னாலே, நடுவிலே, பக்கத்திலே, முன், பின். இவற்றைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எப்படிப் பழக்குவது, அதை வைத்தே ஆங்கிலத்தில் இருக்கிற அதே வேலைச் சொற்களை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதுதான் பேச்சு.

சின்னச் சொல், பெரிய வேலை

டவுனில் உள்ள வீட்டுக்கு நம்பர் இருக்கும், தெருவுக்குப் பெயர் இருக்கும். நம் லயக் காம்பராக்கள் பலவற்றுக்கு அப்படித் தனி விலாசம் இல்லை. கடிதம் கூடத் தோட்டத்துப் பெயருக்குத்தான் வருகிறது. அதனால் நமக்கு விலாசமே இந்தச் சொற்கள்தான். மேட்டு லயம், பள்ளத்து லயம், ஸ்டோருக்குக் கீழே, கோச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிட்டாலும் முதல் கேள்வி "எங்கே?" என்பதுதான். அதற்குச் சரியாகப் பதில் சொல்ல ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2014-ம் ஆண்டு ஒக்டோபர் 29-ம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நம் பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. மழைக்காலத்தில் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்பதை நம்மை விட முந்திக் காண்பவர்கள் ஓடி விளையாடுகிற பிள்ளைகள்தான். "அங்க என்னமோ வெடிச்சிருக்கு" என்று சொன்னால் நாம் காதில் வாங்க மாட்டோம். "நம்ம லயத்துக்கு மேலே, சவுக்கு மரத்துக்கும் கானுக்கும் நடுவிலே வெடிச்சிருக்கு" என்று சொன்னால் உடனே எழுந்து போய்ப் பார்ப்போம், 117-க்கும் சொல்லுவோம்.

மருந்து விசயமும் அப்படித்தான். மாத்திரை உறையில் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று இருக்கும். சில நேரம் ஆங்கிலத்தில் 'பிபோர்', 'ஆப்டர்' என்று இருக்கும். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பிள்ளை என்றால், அந்த ஒரு சொல்லைப் பிள்ளை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிப் போகும்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதே ஐயா"

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது. நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" அந்த அக்காவுக்குத்தான் இன்றைக்குப் பதில்.

கொழுந்து எடுக்கிற உங்களை விட இந்தச் சொற்களை அதிகமாகப் பாவிக்கிறவர்கள் யார்? மட்டக்குச்சியைச் செடிக்கு மேலே வைத்து, குச்சிக்கு மேலே வந்த கொழுந்தை எடுத்து, கீழே உள்ளதை விட்டுவிட்டு, தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போடுகிறீர்கள். நிரைக்கு நடுவில் நடக்கிறீர்கள். கங்காணி "அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் விட்டுட்டீங்க" என்றால் எந்தப் பக்கம் என்று உடனே தெரிகிறது. ஒரு நாளில் நூறு தடவை இந்தச் சொற்களைக் கையாலும் காலாலும் செய்கிறீர்கள். வாயால் பிள்ளைக்குச் சொல்வதுதான் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் நாம் எப்படிப் பேசுகிறோம்? "அத எடு." "எத?" "அதான், அங்க இருக்கு பாரு." "அங்க வை." களைத்துப்போய் வருகிறோம், அதனால் வாய் சுருங்கிவிடுகிறது. இனிமேல் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். "கேத்தலை அடுப்புக்குப் பக்கத்துல இருக்கிற பலகை மேல வை." "சீப்பு சாமிப் படத்துக்குப் பின்னால இருக்கு, எடு." "செருப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளு." இதற்குப் படிப்பு வேண்டாம், காசு வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். காது நிறையக் கேட்ட பிள்ளைதான் வாய் நிறையப் பேசும்.

எது முதலில் வரும்?

எல்லாச் சொல்லும் ஒரே வயதில் வராது. 1979-ம் ஆண்டு யுடித் ஜோன்ஸ்டன், டான் ஸ்லோபின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆங்கிலம், இத்தாலி, துருக்கி, சேர்போ-குரோசியா ஆகிய நான்கு மொழி பேசும் சின்னப் பிள்ளைகளைச் சோதித்து எழுதினார்கள். நாலு மொழியிலும் உள்ளே, மேலே, கீழே, பக்கத்தில் என்பவை முதலில் வந்தன. நடுவில் என்பது பிறகு வந்தது. முன்னால், பின்னால் என்பவையும் பிந்தித்தான் சரியாக அமைந்தன.

ஏன் பிந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். கூடைக்குள் என்பதற்கு ஒரு கூடை போதும். நடுவில் என்றால் இரண்டு பொருளை ஒன்றாகப் பார்க்க வேண்டும். பின்னால் என்பது அதை விடக் கஷ்டம். வீட்டுக்கு வாசல் இருக்கிறது, அதனால் வீட்டுக்குப் பின்னால் என்றால் எல்லோருக்கும் ஒரே இடம். மரத்துக்கு முகம் ஏது, முதுகு ஏது? நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் பின்னால் இருப்பது, எதிரில் நிற்கிற உங்களுக்கு முன்னால் இருக்கும். ஆகவே நாலு வயதுப் பிள்ளை "மரத்துக்குப் பின்னால" என்பதில் தடுமாறினால் மண்டையில் குட்டாதீர்கள். அது மக்கு இல்லை. இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சிரட்டையும் கல்லும்

நாம் பாலர் பாடசாலையை 'மொண்டிசோரி' என்கிறோம். அது இத்தாலியில் 1870-ல் பிறந்த மரியா மொண்டிசோரி என்ற அம்மையாரின் பெயர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, உலக யுத்த காலத்தில் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இந்த மாதிரிச் சொற்களை அவர் சொல்லிக் கொடுத்த முறை, பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்து, "இதை அதற்கு முன்னால் வை, இப்போது அதற்குள் வை" என்று செய்ய வைப்பது. பொருள் மாறுவதில்லை, ஒரு சின்னச் சொல் மாறியதும் எல்லாம் மாறுகிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுபிடிக்கும்.

அவருடைய முறையில் ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் ஒரு அடையாளம் உண்டு. இந்தச் சொற்களுக்கு அடையாளம் பச்சை நிறத்தில் ஒரு பிறை. பாலத்தின் வளைவு மாதிரி. ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் நடுவே பாலம் போடுகிற சொல் என்று அர்த்தம். ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டில் விளையாட்டுச் சாமான் வேண்டாம். இரண்டு சிரட்டை, ஒரு கல் போதும். மூன்று படியாகச் செய்யுங்கள்.

முதல் படி, நீங்கள் சொல்ல வேண்டும், பிள்ளை செய்ய வேண்டும். கல்லைச் சிரட்டைக்குள் போடு. சிரட்டையைக் கவிழ்த்து மேலே வை. சிரட்டைக்கு அடியில் ஒளி. இரண்டு சிரட்டைக்கும் நடுவில் வை. ஒரு நாளைக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி, பிள்ளை சொல்ல வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும். இடையில் வேண்டுமென்றே பிழையாகச் செய்யுங்கள். "உள்ளே" என்றால் வெளியே வையுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டு "இல்லம்மா, உள்ள!" என்று திருத்தும். அம்மாவைத் திருத்துகிற சந்தோசத்தில் அந்தச் சொல் பிறகு மறக்காது.

மூன்றாம் படி, கல்லை எங்கேயாவது வைத்துவிட்டு "கல் எங்கே?" என்று கேளுங்கள். இதற்கு ஒரு சட்டம் உண்டு: பிள்ளை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். விரல் நீட்டக் கூடாது, வாய்தான் சொல்ல வேண்டும். "அங்க" என்று சொன்னால் நமக்குக் கண் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். அந்தப் பையன் போனில் கையை நீட்டினானே, அதற்கு மருந்து இந்தக் கை கட்டுகிற சட்டம்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு இஸ்தோப்புத் தரையில் கரித்துண்டால் நம் தோட்டத்தைக் கீறச் சொல்லுங்கள். மெயின் ரோடு, ஸ்டோர், கோயில், பீலி, பிள்ளைக் காம்பரா, நம் லயம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து நம் காம்பரா வரைக்கும் வழி சொல்ல வேண்டும். வழியெல்லாம் சரியாக வந்த பிறகு, அதை இரண்டு வசனமாகச் சுருக்கி மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளட்டும். அதுதான் அந்த வீட்டின் விலாசம்.

பின்னால் தள்ளும் எஞ்சின், முன்னால் இழுக்கும் எஞ்சின்

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். பாடசாலையில் சின்ன வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் அதிகம் இடறுவதில் ஒன்று 'இன்', 'ஒன்', 'எட்', 'அண்டர்' என்ற இந்தச் சொற்கள். பாடப் புத்தகத் தமிழில் இவற்றை முன்னிடைச் சொல் என்பார்கள். பெயர்ச் சொல்லுக்கு முன்னால் வருவதால் அந்தப் பெயர்.

தமிழில் இவை பின்னால் வருகின்றன. 'சிரட்டைக்குள்' என்கிறோம். சிரட்டை முதலில், உள் பிறகு. ஆங்கிலத்தில் 'இன் த ஷெல்'. உள்ளே முதலில், சிரட்டை பிறகு. மலைப்பாதையில் பாரமான கோச்சியை முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழ் பின்னால் நின்று தள்ளுகிறது, ஆங்கிலம் முன்னால் நின்று இழுக்கிறது. பெட்டி ஒன்றுதான். சிங்களமும் நம் பக்கம்தான். 'மேசே உட' என்றால் மேசை மேல், 'புட்டுவ யட' என்றால் கதிரைக்குக் கீழ். 'உடரட மெனிக்கே' என்ற கோச்சியின் பெயரில் இருக்கிற 'உட' கூட அந்த மேல்தான். மூன்று மொழியும் காதில் விழுகிற ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே கல்லையும் சிரட்டையையும் வைத்து மூன்று மொழியிலும் சொல்லிப் பார்க்கலாம்.

நம் இலக்கணத்தில் இந்த வேலையைச் செய்கிறவை வேற்றுமை உருபுகள். தொல்காப்பியத்திலேயே ஏழாம் வேற்றுமையைச் சொல்லும் இடத்தில் மேல், கீழ், உள், பின் என்று பெரிய வரிசை இருக்கிறது. நம் வாயில் இருப்பது அவ்வளவு பழைய சொத்து. அதில் 'இல்' என்பது ஒரு கெட்டிக்கார உருபு, பல வேலை செய்யும். அதுதான் ஆங்கிலத்தில் பிள்ளையை மாட்டிவிடுகிறது.

'பெட்டியில்' என்றால் ஆங்கிலத்தில் 'இன்'. 'சுவரில்' என்றால் 'ஒன்'. 'பஸ் தரிப்பில்' என்றால் 'எட்'. 'பஸ்ஸில் வந்தேன்' என்றால் 'பை'. நமக்கு ஒரு 'இல்', அவர்களுக்கு நாலு சொல். ஆகவே "இல் என்றால் இன்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். படத்தைப் பார்த்து, பொருளைப் பார்த்துப் பழக வேண்டும். ஏதாவது ஒன்று பொருளைச் சுற்றி மூடியிருந்தால் 'இன்'. மேலே படிந்து தொட்டுக்கொண்டிருந்தால் 'ஒன்', அது சுவராக இருந்தாலும் சரி. ஒரு புள்ளி மாதிரி இடத்தைச் சொன்னால் 'எட்'.

நேரத்துக்கும் இப்படி ஒரு சுலப வழி உண்டு. சின்னதுக்கு 'எட்', நடுத்தரத்துக்கு 'ஒன்', பெரியதுக்கு 'இன்'. ஆறு மணிக்குப் பிரட்டு: 'எட் சிக்ஸ்'. பத்தாம் தேதி சம்பளம்: 'ஒன் த டென்த்'. ஜனவரியில் பாடசாலை: 'இன் ஜனவரி'. இதற்கு வெளியே நிற்கிறவையும் உண்டு, அவற்றை டீச்சர் சொல்லித் தருவார். தொடங்குவதற்கு இது போதும்.

நான் பட்ட வெட்கம்

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஓ.எல். வரைக்கும்தான். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். முதல் முதலாக ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். எங்கள் லயம் ஸ்டோருக்குக் கீழே. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஐ லிவ் அண்டர் த பெக்டரி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் மெசின் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

பல வருசம் கழித்துத்தான் விளங்கியது. 'அண்டர்' என்றால் நேர் அடியில், கட்டிலுக்கு அடியில் இருக்கிற மாதிரி. மலைச்சரிவில் கீழ்ப்பக்கம் இருப்பதற்கு 'பிலோ' என்று வேறு சொல். நமக்கு இரண்டும் கீழேதான். மேலே என்பதும் அப்படி. கூரை மேல் காகம் உட்கார்ந்தால் 'ஒன்'. கூரைக்கு மேலே மேகம் நின்றால் 'அபவ்'. கவனித்துப் பார்த்தால் தமிழிலும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. தொட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் 'கூரை மேல்' என்கிறோம். தொடாமல் இருந்தால் 'கூரைக்கு மேலே' என்கிறோம். நடுவில் ஒரு 'கு' வருகிறது. தமிழை நன்றாகக் கவனித்த பிள்ளைக்கு ஆங்கிலம் பாதி சுலபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தக் கதையை நான் சொல்வது சிரிக்க மட்டும் இல்லை. எல்ல டவுனுக்கு வெளிநாட்டுக்காரர் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே தங்கும் விடுதியிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஆட்டோவிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது வழி. பாலத்துக்கு எப்படிப் போவது, மலைக்கு எந்தப் பக்கம். பெரிய பெரிய ஆங்கிலச் சொல் தெரிந்தும் 'பிஹைன்ட்', 'பிட்வீன்', 'நெக்ஸ்ட் டு' தெரியாவிட்டால் வழி சொல்ல முடியாது. அந்தச் சொற்கள் தெரிந்த பிள்ளை, மற்ற ஆங்கிலம் கொஞ்சமாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்.

தெமோதரைப் பாடம்

கடைசியாக, நம் வீட்டு வாசலிலேயே ஒரு பெரிய பாடப் புத்தகம் திறந்து கிடக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன். எல்லவிலிருந்து தெமோதரைக்குப் போகிற கோச்சிப் பாதை. 1921-ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. பாதை பாலத்துக்கு மேலே போகிறது. நாம் கொழுந்துக் கூடையோடு கீழே நின்று பார்க்கிறோம். வளைவுகளுக்கு ஊடாக அந்தப் பக்கத்துத் தேயிலை தெரிகிறது. பாலம் இரண்டு மலைக்கும் நடுவில். சுரங்கத்துக்கு உள்ளே போய் வெளியே வருகிறது பாதை.

தெமோதரை ஸ்டேசன் இதை விட அதிசயம். பாதை ஸ்டேசனைத் தாண்டி, மலையைச் சுற்றிக் கீழே இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் வந்து வெளியேறுகிறது. தன் பாதைக்குக் கீழே தானே போகிற பாதை. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தக் கங்காணி நம் ஆள்தான். பாதை 1924-ல் பதுளை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து காட்டுங்கள். தண்டவாளத்தில் ஏறி நிற்க வேண்டாம், பாலத்தில் நடக்க வேண்டாம். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பாதை எங்கே போகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். மேலே, கீழே, உள்ளே, வெளியே, ஊடாக, சுற்றி, நடுவில், தாண்டி. ஒரே பாதையில் எட்டுச் சொல் இருக்கிறது. ஆங்கிலம் படிக்கிற பிள்ளை அதையே 'ஓவர்', 'அண்டர்', 'த்ரூ', 'ரவுண்ட்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

உங்களிடம் கேட்பது

மூன்று விசயம்தான் கேட்கிறேன்.

இன்றிலிருந்து "அங்க வை", "அத எடு" என்பதைக் குறைத்து, இடத்தைச் சொல்லிப் பேசுங்கள். அப்பாமார்களும்தான். இது அம்மா வேலை மட்டும் இல்லை.

இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிசம் சிரட்டையும் கல்லும். கிழமைக்கு ஒரு புதுச் சொல் போதும். பிழை விட்டால் அடிக்காதீர்கள், சிரித்துத் திருத்துங்கள். ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லித் தரட்டும். பிள்ளையிடம் படிப்பதில் வெட்கம் இல்லை. சொல்லித் தருகிற பிள்ளைக்குத்தான் பாடம் நிலைக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் தன் வீடு எங்கே என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லப் பழகியிருக்க வேண்டும். நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பேன். பரிசு பெரிதாக ஒன்றும் இல்லை, ஆளுக்கு ஒரு பென்சில்.

அந்த இராத்திரி ஆட்டோவில் பிறந்த பிள்ளை இப்போது இதே நிலையத்துக்குத்தான் வருகிறது. போன கிழமை அதனிடம் "உன் வீடு எங்கே?" என்று கேட்டேன். விரலை நீட்டப் போய், ஆயம்மாவைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, "கோயிலுக்குப் பின்னால" என்றது. "எந்தக் கோயில்?" என்றேன். "மாரியம்மன் கோயில்" என்றது. பக்கத்தில் அதன் மாமன், அன்றைக்குப் போனில் பேசிய அந்தப் பையன், இப்போது பெரியவன், நின்றுகொண்டிருந்தான். அவன்தான் பழக்கியிருக்கிறான்.

வாசலுக்குப் பக்கத்திலே, மேசை மேலே தேத்தண்ணி இருக்கிறது. குடித்துவிட்டுப் போங்கள்.